தட்டணு குறைந்ததா? முதலில் ஸ்லைடைப் பாருங்கள்

ஐப்பசி பிறந்தால் எங்கள் லேப் வாசலில் செருப்பு விட இடம் இருக்காது. காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "பிளேட்லெட் எவ்வளவு இருக்கு?" என்பதுதான். காய்ச்சல் எத்தனை நாளாக என்பதுகூட நாங்கள் கேட்டால்தான் வரும். எண் ஒன்றரை லட்சத்துக்கு மேல் என்றால் முகம் தெளிந்துவிடும். ஒரு லட்சத்துக்குக் கீழே என்றால், ரிப்போர்ட் தாளைக் கையில் வாங்கும் முன்பே ரத்தம் கொடுக்க ஆள் தேடி வாட்ஸ்அப்பில் செய்தி பறக்கும்.

அந்த எண்ணைத் தருவது ஓர் எந்திரம். தூத்துக்குடியில் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியனாக இருக்கும் நான், அந்த எந்திரத்தை அன்றாடம் இயக்குகிறவள். அது இல்லாமல் ஒரு காய்ச்சல் பருவத்தைக் கடக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும், பிளேட்லெட் என்கிற தட்டணு குறைவு என்று அது முதல் தடவை சொல்லும்போது, அந்த ரத்தத்தில் ஒரு துளியை ஸ்லைடில் தேய்த்து, ஸ்டெயின் போட்டு, மைக்ரோஸ்கோப்பில் பார்க்காமல் ரிப்போர்ட்டை வெளியே விடக் கூடாது என்கிறேன். இதை லேபுகளின் விருப்பத்துக்கு விடாமல் அரசு கட்டாயமாக்க வேண்டும்.

எந்திரத்துக்குத் தெரிந்தது அளவு மட்டுமே

இன்று சிறிய, நடுத்தர லேபுகளில் இருக்கும் செல் கவுன்டர்களில் பெரும்பாலானவை, அமெரிக்கப் பொறியாளர் வாலஸ் கூல்ட்டர் 1953-இல் காப்புரிமை பெற்ற தத்துவத்தில் இயங்குகின்றன. மின்சாரம் ஓடும் ஒரு நுண்துளை வழியே ரத்த அணுக்களை ஒவ்வொன்றாகக் கடக்கவிடுவார்கள். அணு துளையை அடைக்கும் நொடியில் மின்தடை மாறும். மாற்றம் பெரிதானால் பெரிய அணு, சிறிதானால் சிறிய அணு. சிறியவை எல்லாம் தட்டணு என்று கணக்கில் ஏறும். உருவம், நிறம், உள்ளே இருக்கும் நியூக்ளியஸ் எதுவும் அதற்குத் தெரியாது.

இங்கேதான் கோளாறு தொடங்குகிறது. ரத்தம் உறையாமல் இருக்க, ஊதா மூடி டியூபில் இ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருள் இருக்கும். ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவருக்கு, உடம்புக்குள் ஒழுங்காக இருக்கும் தட்டணுக்கள் அந்த வேதிப்பொருளைக் கண்டதும் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாகிவிடும். சிலருக்கு அவை நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுவைச் சுற்றி ஒட்டிக்கொள்ளும். இருபது தட்டணுக்கள் சேர்ந்த கொத்தை எந்திரம் இருபதாக எண்ணாது; பெரியதாக இருப்பதால் தட்டணுக் கணக்கிலேயே சேர்க்காமல் போகலாம். ஆரோக்கியமான ஆளின் ரிப்போர்ட்டில் முப்பதாயிரம், நாற்பதாயிரம் என்று வருவது இப்படித்தான்.

ரத்தம் எடுப்பதிலும் தவறு நேரும். அழுது துடிக்கும் குழந்தையின் கையில் நரம்பு கிடைக்காமல் துழாவித் துழாவி எடுத்த ரத்தம், டியூபுக்குள் போகும் முன்பே லேசாக உறையத் தொடங்கியிருக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தச் சிறு கட்டிக்குள் தட்டணுக்கள் சிக்கிக்கொள்ளும். குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கும் கையிலேயே ரத்தம் எடுத்தால் எல்லா எண்ணும் நீர்த்துப்போகும்.

பிறவியிலேயே பெரிய தட்டணுக்கள் கொண்டவர்களும் உண்டு. மேற்கு வங்கத்தைச் சேர்ந்த ரத்தக் கொடையாளர்கள் பலருக்குத் தட்டணு எண்ணிக்கை குறைவாகவும் உருவம் பெரிதாகவும் இருப்பதையும், அதனால் அவர்களுக்கு எந்தத் தொல்லையும் இல்லை என்பதையும் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 2002-இல் ஆய்விதழில் எழுதினார்கள். இன்று வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் இல்லாத கட்டுமான இடமோ ஓட்டலோ தமிழ்நாட்டில் இல்லை. அவர்களில் ஒருவருக்குச் சாதாரணச் சளிக்காய்ச்சல் வந்து, எந்திரம் எழுபதாயிரம் என்று காட்டினால் என்ன ஆகும்? மொழி தெரியாத ஊரில், அன்றாடக் கூலியை விட்டுவிட்டு, வார்டில் படுத்துக் கிடப்பார்.

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கும். இரும்புச்சத்துக் குறைவு முற்றிய சிலருக்குச் சிவப்பணுக்கள் மிகவும் சிறுத்துப்போயிருக்கும். எந்திரம் அவற்றையும் தட்டணுவோடு சேர்த்து எண்ணிவிடும். உண்மையாகவே குறைந்திருக்கும் எண்ணிக்கை, காகிதத்தில் நன்றாக இருப்பதுபோலத் தெரியும். இது முந்தையதைவிட ஆபத்தானது. ஏனென்றால், நல்ல எண்ணை யாரும் சந்தேகிப்பதில்லை.

நான் கண்ட ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். உப்பளத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணை, மழைக்காலத்தில் ஒருநாள் மாலை அவர் மகள் அழைத்து வந்தாள். வேறொரு லேபில் எடுத்த ரிப்போர்ட்டில் தட்டணு 34 ஆயிரம். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லியிருந்தார்கள். "அக்கா, ரத்தம் கொடுக்க நாலு பேரை வேலையை விட்டுக் கூட்டிட்டு வந்திருக்கேன். ஒருக்கா பாத்துச் சொல்லுங்க" என்றாள் மகள். அந்த அம்மாவுக்கோ ஈறில் ரத்தம் இல்லை, தோலில் ஒரு புள்ளி இல்லை, காய்ச்சல்கூட விட்டிருந்தது. எங்கள் எந்திரமும் அதே மாதிரி எண்ணைத்தான் காட்டியது. ஸ்லைடு போட்டுப் பார்த்தபோது அதன் வால் பகுதி முழுக்கக் கொத்துக்கொத்தாகத் தட்டணுக்கள். எங்கள் பேத்தாலஜி டாக்டரும் பார்த்து உறுதி செய்தார். பிறகு சிட்ரேட் இருக்கும் நீல மூடி டியூபில் ரத்தம் எடுத்து ஓட்டினோம். சிட்ரேட் திரவம் ரத்தத்தைச் சற்று நீர்க்கச் செய்வதால், வந்த எண்ணை 1.1-ஆல் பெருக்க வேண்டும். பெருக்கினால் இரண்டு லட்சத்தைத் தாண்டியது. கூட வந்த நாலு பேரும் கடையில் டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

டெங்குவில் தட்டணு குறைவது பெரும்பாலும் உண்மையான குறைவுதான். அதைப் பொய் என்று நான் சொல்லவில்லை. உண்மையா பொய்யா என்று தெரிந்துகொள்ள எளிய வழி ஒன்று இருக்கும்போது அதைத் தாண்டிப் போகிறோமே என்பதுதான் என் ஆதங்கம்.

ஒரு துளி, ஒரே வீச்சு

அந்த எளிய வழி கைத்தொழில் சார்ந்தது. ஊதா மூடி டியூபை எட்டுப் பத்து முறை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும், குலுக்கக் கூடாது. எண்ணெய்ப் பசை இல்லாத ஸ்லைடின் ஓரமாக ஒரு சிறு துளி வைத்து, அதற்கு முன்னால் இன்னொரு ஸ்லைடை 30 முதல் 45 டிகிரி சாய்வில் நிறுத்தி, பின்னால் இழுத்துத் துளியைத் தொட வேண்டும். ரத்தம் விளிம்பு நெடுக ஓடிப் பரவும். பரவியதும் தயங்காமல் ஒரே வீச்சில் முன்னே தள்ள வேண்டும். தலையில் தடித்து, வாலில் மெலிந்து, நாக்கு வடிவில் ஒரு படலம் விழும். இதைத்தான் ஸ்மியர் என்கிறோம். கை நடுங்கினால் படலத்தில் வரி விழும். கோணம் கூடினால் குட்டையாகத் தடிக்கும். ரத்தசோகைக்காரரின் நீர்த்த ரத்தத்துக்குக் கோணத்தைக் கூட்ட வேண்டும். பிறந்த குழந்தையின் கெட்டியான ரத்தத்துக்குக் குறைக்க வேண்டும். புத்தகம் இவ்வளவையும் சொல்லும். ஆனால் வேகம் எவ்வளவு என்பது கைக்குப் பழகித்தான் வரும்.

இழுத்த ஸ்மியர் சட்டென்று காய வேண்டும். மெதுவாகக் காய்ந்தால் சிவப்பணுக்களில் பளபளவென்று ஓட்டைகள் தெரியும், வெள்ளணுக்கள் சுருங்கிப்போகும். எங்கள் ஊர்க் கடல்காற்றில், அதுவும் வடகிழக்குப் பருவமழை நேரத்தில், இது பெரும்பாடு. டெங்கு வருவதும் அதே மாதங்களில்தான். ஸ்மியர் மிகவும் தேவைப்படும் காலமும், நல்ல ஸ்மியர் போடக் கஷ்டமான காலமும் ஒன்றாக வந்து சேர்கின்றன. ஃபேன் காற்றில் காட்டியோ, சூடு இல்லாமல் ஹேர் டிரையரை ஓட்டியோ காயவைப்போம்.

பிறகு ஸ்டெயின். நம் லேபுகளில் பெரும்பாலும் லீஷ்மன் ஸ்டெயின்தான். 100 மில்லி மெத்தனாலுக்கு 0.15 கிராம் பொடி. கரைத்த அன்றே பயன்படுத்தினால் நிறம் சரியாகப் பிடிக்காது; சில நாள் முதிரவிட வேண்டும். பாட்டில் மூடியைத் திறந்தபடி விட்டால் மெத்தனால் காற்றின் ஈரத்தைக் குடித்துக்கொள்ளும். அந்த ஸ்டெயின் அணுக்களைக் கெடுத்துவிடும். ஸ்லைடு முழுக்க ஸ்டெயினை ஊற்றி இரண்டு நிமிடம் வைப்போம். அந்த இரண்டு நிமிடத்தில் மெத்தனால் அணுக்களைக் கண்ணாடியோடு பதித்துவிடும். அதன் மேல் இரண்டு மடங்கு பஃபர் தண்ணீர் விட்டுக் கலந்து, ஏழு முதல் பத்து நிமிடம் விட வேண்டும். நிறம் ஏறுவது இந்தக் கட்டத்தில்தான். மேலே தாமிர நிறத்தில் ஓர் ஏடு மிதக்கும். கழுவும்போது ஸ்டெயினைச் சாய்த்துக் கொட்டக் கூடாது. கொட்டினால் அந்த ஏடு அப்படியே ஸ்மியர்மேல் படிந்துவிடும். ஓடும் தண்ணீரால் அதை மிதக்கவிட்டே வெளியேற்ற வேண்டும். இதில் அவசரப்பட்டால் ஸ்டெயின் துகள்கள் படிந்து, மைக்ரோஸ்கோப்பில் தட்டணுவைப் போலவே காட்சி தரும். எந்திரத்தின் தவறைத் திருத்தப் போய் நம் தவறைச் சேர்த்த கதையாகிவிடும்.

தண்ணீரின் பி.எச். 6.8 இருக்க வேண்டும். அமிலம் கூடினால் எல்லாம் ரோஜா நிறத்தில் வெளிறும். காரம் கூடினால் எல்லாம் நீலம் பாயும். எங்கள் பகுதி போர்த் தண்ணீரை நம்பி இந்த வேலையில் இறங்க முடியாது. தாமிரபரணித் தண்ணீரே குழாயில் வந்தாலும், டிஸ்டில்டு வாட்டரில் பஃபர் மாத்திரை கரைத்துத்தான் பயன்படுத்துவோம்.

நல்ல ஸ்டெயினில் சிவப்பணு இளஞ்சிவப்பாக இருக்கும். நியூக்ளியஸ் ஊதா. ஈசினோஃபிலின் துகள்கள் ஆரஞ்சு. தட்டணு, சிவப்பணுவில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காத குட்டி ஊதாத் திட்டு. முதலில் குறைந்த பெரிதாக்கத்தில் வால் பகுதியைப் பார்க்க வேண்டும். கொத்துகள் இருந்தால் அங்கேதான் ஒதுங்கும். பிறகு சிவப்பணுக்கள் ஒன்றையொன்று லேசாகத் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்துக்கு வந்து, எண்ணெய் விட்டு 100 எக்ஸ் லென்ஸில் பத்து ஃபீல்டு எண்ண வேண்டும். ஒரு ஃபீல்டுக்குச் சராசரி எத்தனை தட்டணுவோ, அதை 15 ஆயிரத்தால் பெருக்கினால் ஏறத்தாழ எண்ணிக்கை கிடைக்கும். சராசரி 14 என்றால் 2 லட்சத்து 10 ஆயிரம். எந்திரம் சொன்னதும் இதுவும் ஒத்துப்போகாவிட்டால் ரிப்போர்ட் நிற்க வேண்டும்.

எண்ணுக்கு அப்பால்

ஸ்லைடு, எண்ணைச் சரிபார்ப்பதோடு நிற்பதில்லை. மலேரியாவிலும் தட்டணு குறையும். டெங்கு என்று நினைத்துப் பார்த்த ஸ்மியரில், சிவப்பணுவுக்குள் மோதிர வடிவில் மலேரியா ஒட்டுண்ணி உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். ரத்தப் புற்றுநோயும் சிலருக்குக் காய்ச்சலாகவும் தட்டணுக் குறைவாகவும்தான் முதலில் தலைகாட்டும். முதிராத வெள்ளணுக்களைச் சாதாரண எந்திரம் வேறு ஏதோ வெள்ளணு என்று வகைப்படுத்திவிடலாம். ஸ்லைடில் பார்த்தால் அவற்றின் நியூக்ளியஸே காட்டிக்கொடுத்துவிடும்.

இந்த முறை பழையது. ரஷ்யாவில் ரொமனோவ்ஸ்கி 1891-இல் ஈசினையும் மெத்திலீன் புளூவையும் சேர்த்து மலேரியா ஒட்டுண்ணிக்கு நிறமேற்றினார். அதை எளிதாக்கி 1901-இல் வெளியிட்டவர் பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர் வில்லியம் லீஷ்மன். கொல்கத்தா அருகே டம்டம்மில் பணியாற்றிக் காலா அசார் நோயால் இறந்த ஒரு சிப்பாயின் மண்ணீரலில் அவர் கண்ட நுண்ணுயிரை, 1903-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பணியாற்றிய சார்லஸ் டோனவன் தனியாகக் கண்டறிந்தார். லீஷ்மானியா டோனவானி என்று அந்த ஒட்டுண்ணி இருவர் பெயரையும் தாங்கி நிற்கிறது. அன்று சென்னையில் ஸ்லைடும் ஸ்டெயினும் வைத்து உலகம் ஏற்றுக்கொண்ட உண்மையைச் சொல்ல முடிந்தது. இன்று அதே ஸ்டெயின் பாட்டில் பல லேபுகளின் அலமாரியில் மூடி திறக்காமல் காலாவதியாகிறது.

"நேரம் இல்லை" என்ற பதில்

காய்ச்சல் பருவத்தில் குவியும் சாம்பிள்களுக்கு எல்லாம் ஸ்லைடு போட முடியுமா என்று லேப் நடத்துகிறவர்கள் கேட்பார்கள். முடியாதுதான், யாரும் அப்படிக் கேட்கவும் இல்லை. எந்த ரிப்போர்ட்டுக்கு ஸ்லைடு பார்க்க வேண்டும் என்று சர்வதேச ரத்தவியல் நிபுணர் குழு ஒன்று 2005-இல் 41 விதிகளை வெளியிட்டது. தட்டணு முதல் தடவை ஒரு லட்சத்துக்குக் கீழே வந்தால் ஸ்லைடு பார்க்க வேண்டும் என்பது அதில் ஒன்று. அடுத்தடுத்த நாள் அதே ஆளுக்கு எடுக்கும் கவுன்ட்டுக்கு ஒவ்வொரு முறையும் போட வேண்டியதில்லை. ஒரு ஸ்லைடு போட்டு, ஸ்டெயின் செய்து, பார்த்து முடிக்க அரை மணி நேரம் போதும். கண்ணாடிக்கும் ஸ்டெயினுக்கும் ஆகும் செலவு சில ரூபாய்.

அந்த அரை மணி நேரம் இல்லாமல் ஒருவர் தேவையில்லாமல் படுக்கையில் சேர்ந்தால் ஆகும் செலவைக் கணக்கிட்டுப் பாருங்கள். தட்டணுப் பையை ஐந்து நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. அது எப்போதும் தட்டுப்பாடுதான். ஏற்றினால் ஒவ்வாமை முதல் நுரையீரல் பாதிப்பு வரை வரலாம். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நடந்த ஆய்வு ஒன்று 2017-இல் லான்செட் இதழில் வெளிவந்தது. தட்டணு 20 ஆயிரமோ அதற்குக் கீழோ இறங்கிய டெங்கு நோயாளிகளுக்கு, ரத்தக்கசிவு இல்லாதபோது முன்கூட்டியே தட்டணு ஏற்றியதால் ரத்தக்கசிவு குறையவில்லை என்று அது சொன்னது. டெங்குவில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் ரத்தக்குழாயிலிருந்து பிளாஸ்மா கசிவதுதான். மருத்துவர்கள், ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் ஹிமட்டோக்ரிட்டையும் ரத்த அழுத்தத்தையும் கூர்ந்து பார்ப்பது அதற்காகத்தான். எண்ணைப் பிடித்துக்கொண்டு பதறுவது நோயாளிகளின் வீட்டார்தான். அந்தப் பதற்றத்துக்குச் சரிபார்க்காத எண்ணைக் கொடுத்து எண்ணெய் ஊற்றுவது லேபுகள்.

உண்மையான தடை ஆள்தான். டி.எம்.எல்.டி. என்ற லேப் டிப்ளமோ முடித்து வரும் பிள்ளைகளிடம் ஸ்மியர் போடத் தெரியுமா என்று கேட்டால், "காலேஜ்ல போட்டிருக்கேன் மேடம்" என்பார்கள். முதல் வேலையில் எந்திரத்தில் டியூபை வைத்து எடுக்க மட்டுமே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். இரண்டு வருடத்தில் கை மறந்துவிடும். ஸ்லைடைத் தேய்ப்பதற்கும், படம் எடுத்து வகைப்படுத்துவதற்கும் பெரிய மருத்துவமனைகளில் எந்திரங்கள் வந்துவிட்டன. இனி சிறு லேபுகளுக்கும் வரலாம். அப்போதும் கெட்ட ஸ்டெயினைப் பார்த்து இது கெட்ட ஸ்டெயின் என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். வேலை தெரிந்த ஆளுக்கு, டியூப் மாற்றும் ஆளுக்குக் கொடுப்பதைவிட நாலு காசு கூடக் கொடுக்க வேண்டும். இதில்தான் பல முதலாளிகளுக்குக் கை வராது.

செய்ய வேண்டியவை

தமிழ்நாட்டில் மருத்துவ நிறுவனங்களை ஒழுங்குபடுத்த 1997-இலேயே சட்டம் வந்தது. அதற்கான விதிகள் 2018-இல் வந்தன. லேபுகளுக்குப் பதிவுச் சான்று கொடுப்பதும் அதன்படிதான். கட்டடம், கழிவு அகற்றல் எல்லாம் பார்க்கும் ஆய்வுக் குழு, ஒரு பழைய ஸ்லைடையும் எடுத்துத் தரச் சொல்ல வேண்டும். தட்டணு ஒரு லட்சத்துக்குக் கீழே என்று முதல் தடவை வரும் ரிப்போர்ட்டில், "ஸ்மியர் பார்க்கப்பட்டது, கொத்துகள் உண்டு அல்லது இல்லை" என்ற ஒரு வரியும், பார்த்தவர் பெயரும் இருந்தாக வேண்டும். ஸ்லைடைக் குறிப்பிட்ட காலம் வரை பாதுகாக்கவும் வேண்டும். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு எந்திரம் வாங்கும்போது, ஸ்டெயினும் பஃபரும் மைக்ரோஸ்கோப் பராமரிப்பும் அதே உத்தரவில் சேர வேண்டும். மருத்துவம் சார்ந்த தொழில்களுக்காக நாடாளுமன்றம் 2021-இல் சட்டம் இயற்றியிருக்கிறது. அதன் கீழ் அமையும் மாநில அமைப்பு, வேலையில் இருக்கும் டெக்னீஷியன்களுக்கு ஸ்மியர் போடுவதில் மறுபயிற்சியைக் கட்டாயமாக்கலாம்.

மருத்துவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பரிசோதனைச் சீட்டில் ரத்த அணுக்களை எண்ணச் சொல்லி சி.பி.சி. என்று எழுதும்போது, பக்கத்திலேயே பெரிஃபெரல் ஸ்மியர் என்றும் எழுதுங்கள். நீங்கள் எழுதினால் எந்த லேபும் மறுக்காது.

வாசகர்களே, தட்டணு குறைவு என்று ரிப்போர்ட் வந்தால் மருத்துவரிடம் உடனே போங்கள். அதில் தாமதம் வேண்டாம். போகிற வழியில் லேப் ஜன்னலில் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: "ஸ்மியர் பார்த்தீங்களா?" கேட்டால் எங்களில் சிலருக்கு முகம் சுளிக்கும்; பரவாயில்லை, கேளுங்கள். நீங்கள் கொடுக்கும் காசு எந்திரத்துக்கு மட்டுமல்ல. ஸ்லைடைப் பார்க்க வேண்டிய எங்கள் கண்ணுக்கும் சேர்த்துத்தான்.